ஏஜென்சி ஒப்பந்தம் முடிந்த பிறகு வீடு விலைபோனால் பழைய ஏஜென்ட்டுக்குக் கமிஷன் உண்டா?

கேள்வி: சேலையூரில் எங்களுக்கு ஒரு தனி வீடு. அதை விற்பதற்காக ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்தோடு 2025 ஜனவரி 5-ம் தேதி 90 நாள் ஒப்பந்தம் போட்டோம். அந்த 90 நாளும் வேறு புரோக்கரிடம் கொடுக்கக் கூடாது, விற்றால் 2 சதவீதம் கமிஷன் என்பது பேச்சு. 1 கோடியே 5 லட்சம் சொன்னோம், படியவில்லை. ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்துபோனது. ஜூலையில் எங்கள் பகுதிப் புரோக்கர் ஒருவரிடம் 1 சதவீதத்துக்குச் சொல்லிவைத்தோம். அவர் கூட்டிவந்தவரோடு 92 லட்சத்துக்குப் பேசி முடித்து, செப்டம்பர் 20-ல் அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் வாங்கிவிட்டோம். கிரயப் பதிவு நவம்பர் 17-ல். இந்த நேரத்தில் பழைய நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. வாங்குகிறவரின் மச்சான் மார்ச் 16-ம் தேதி அவர்கள் ஆளோடு வந்து வீட்டைப் பார்த்தாராம். ஆகவே 2,17,120 ரூபாயும் 24 சதவீத வட்டியும் 15 நாளில் தர வேண்டும், தவறினால் பத்திரப்பதிவை நிறுத்துவோம் என்கிறார்கள். ஒப்பந்தத்தின் 7-வது ஷரத்தில், ‘ஒப்பந்தக் காலம் முடிந்த 180 நாட்களுக்குள், முகவர் அறிமுகம் செய்த நபருக்குச் சொத்து விற்கப்பட்டால் கமிஷன் தர வேண்டும்’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்குமா கமிஷன் கொடுப்பது?
— வாசகி, சென்னை

பதில்: பதிவுத் தேதி நெருங்குவதால் அந்தப் பயத்தை முதலில் பார்த்துவிடுவோம். கமிஷன் பாக்கி என்பது வெறும் பணக் கோரிக்கை. அதை வைத்து உங்கள் வீட்டின் மேல் ஏஜென்ட்டுக்கு எந்த உரிமையும் வந்துவிடாது; வில்லங்கச் சான்றில் அது ஏறவும் ஏறாது. சார்பதிவாளருக்கு அவர்கள் ஆட்சேபணைக் கடிதம் கொடுக்கலாம். ஆனால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல், கமிஷன் தகராறு என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவு நிற்காது. அப்படி உத்தரவு வாங்குவதும் லேசில்லை. தீர்ப்புக்கு முன்பே சொத்தை ஜப்தி செய்ய வேண்டுமானால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-வது ஆணை, 5-வது விதிப்படி, பின்னால் வரப்போகும் தீர்ப்பை நிறைவேற்ற முடியாமல் செய்யும் நோக்கத்தோடுதான் நீங்கள் சொத்தைக் கைமாற்றுகிறீர்கள் என்று நீதிமன்றம் நம்பும்படி காட்ட வேண்டும். பேசிய விலைக்கு, வங்கி வழியாகப் பணம் வாங்கி, வெளிப்படையாக நடக்கிற விற்பனைக்கு அந்த முத்திரை குத்துவது கடினம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் கலங்க வேண்டாம். அதை இன்னொரு காரணத்துக்காகப் பிறகு தொடுகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நோட்டீஸ் வந்திருப்பதை வாங்குகிறவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவருக்கு வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிக்கு ஏஜென்ட் நேராகக் கடிதம் போட்டு, அங்கிருந்து அவருக்குத் தெரியவந்தால், கமிஷனைவிடப் பெரிய சிக்கலாகிவிடும். ‘விற்பவர் தரப்புத் தரகுக்கு விற்பவரே பொறுப்பு, வாங்குபவருக்கோ சொத்துக்கோ அதனால் பாதிப்பில்லை’ என்று ஒரு வரியைக் கிரயப் பத்திரத்தில் சேர்த்தால் அவருக்கும் நிம்மதி.

இனி உங்கள் கேள்வி. ‘ஒப்பந்தம்தான் முடிந்துவிட்டதே’ என்பது மட்டும் பதிலாகாது. 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஏஜென்சி முடிந்தால், அதன்பின் உங்கள் சார்பில் பேசும் அதிகாரம் ஏஜென்ட்டுக்குப் போய்விடும். அதற்கு முன்பே சம்பாதித்த கமிஷன் போய்விடாது. அதே சட்டத்தின் 219-வது பிரிவு, வேறு ஏற்பாடு எழுதப்படாதபோது, ஒப்படைத்த வேலை முடிந்தால்தான் கூலி என்கிறது. வேறு ஏற்பாடு எழுதப்பட்டிருந்தால் அந்த எழுத்துதான் ஆட்சி செய்யும். உங்கள் 7-வது ஷரத்து அப்படி ஒரு ஏற்பாடு. இது சட்ட விரோதமான ஷரத்தும் இல்லை. ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருந்து, ஏஜென்ட் காட்டிய ஆளிடமே உரிமையாளர் நேராகப் போய் விற்றுவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலில் போடுகிற பாதுகாப்பு. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

ஆகவே அந்த ஷரத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் மூன்று சொற்கள்தான் வழக்கு: ‘180 நாட்களுக்குள்’, ‘விற்கப்பட்டால்’, ‘அறிமுகம் செய்த நபருக்கு’.

நாள் கணக்கு எளிது. கையெழுத்துப் போட்ட நாளை விட்டுவிட்டு எண்ணுவது வழக்கம். அப்படி எண்ணினால் 90 நாள் ஏப்ரல் 5-ல் முடிகிறது; அதிலிருந்து 180 நாள் அக்டோபர் 2-ல் முடிகிறது. அக்ரிமென்ட் செப்டம்பர் 20, அதாவது கெடுவுக்குள். கிரயம் நவம்பர் 17, அதாவது கெடு தாண்டி. உங்கள் ஒப்பந்தத்தில் ‘எழுத்தில் ரத்து செய்யாவிட்டால் தானாகவே மேலும் 90 நாள் நீடிக்கும்’ என்று எங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். பல நிறுவனங்களின் அச்சுப் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் அது பதுங்கியிருக்கும். இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடும். ஜூலை 4-க்குள் இரண்டாவது புரோக்கரிடம் சொல்லியிருந்தால் அதுவே ஒப்பந்த மீறல் என்றும் ஆகிவிடும்.

‘விற்கப்பட்டால்’ என்ற சொல் உங்களுக்குச் சாதகம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தால்தான் நடக்கும். கிரய அக்ரிமென்ட் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று அதே பிரிவு சொல்கிறது. ஷரத்தில் ‘விற்பனை ஒப்பந்தம் செய்துகொண்டால்’ என்றோ ‘வாங்குபவரைப் பிடித்துக் கொடுத்தால்’ என்றோ இருந்திருந்தால் செப்டம்பர் 20-ம் தேதியே உங்களை மாட்டியிருக்கும். அப்படி மாட்டிய வழக்கு உண்டு. அப்துல்லா அகமது எதிர் அனிமேந்திர கிஸ்ஸன் மித்தர் என்ற கல்கத்தா வழக்கில் 1950-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மாத அதிகாரம் கொடுத்த கமிஷன் சீட்டில் வாங்குபவரைப் பிடித்துக் கொடுத்தால் கூலி என்று எழுதியிருந்தது. புரோக்கர் குறித்த விலைக்கு ஆளைப் பிடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு உரிமையாளர் அவர்களோடு தொடர்புடைய ஒருவருக்கே குறைந்த விலைக்கு விற்றார். புரோக்கர் தன் வேலையை முடித்துவிட்டார், கமிஷன் தர வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே ஒரு சொல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துப் பணம் கைமாறும்.

ஆனால் இந்தச் சாதகத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். கெடு முடிய 12 நாள் இருக்கும்போது அக்ரிமென்ட் போட்டு, கமிஷனைத் தவிர்க்கத்தான் பதிவைத் தள்ளிவைத்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். வங்கிக் கடன் ஒப்புதலுக்காகவோ, பட்டா பெயர் மாற்றத்துக்காகவோ அவகாசம் தேவைப்பட்டிருந்தால் அதைக் காட்டும் தாள்களை இப்போதே எடுத்து வையுங்கள். தாமதத்துக்குக் காரணம் தாளில் இருந்தால் அந்த வாதம் நிற்காது. இன்னொன்று: ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வருமானால், படிவத்தை எழுதியவருக்கு எதிரான அர்த்தத்தையே நீதிமன்றம் எடுப்பது உண்டு. படிவம் அவர்களுடையது.

வழக்கின் உயிர் மூன்றாவது சொல்லில் இருக்கிறது. ஏஜென்ட் அறிமுகம் செய்தது மச்சானை. வாங்குவது அவருடைய உறவினர். உங்கள் ஷரத்தில் ‘அந்த நபரோ, அவர் குடும்பத்தாரோ, அவர் நியமிப்பவரோ’ என்று இருந்தால் அவர்கள் பக்கம் வலுவாகும். நீங்கள் எழுதியிருப்பதுபோல ‘நபருக்கு’ என்று மட்டும் இருந்தால் உங்கள் பக்கம். உங்கள் பிரதியிலும் அவர்களிடம் இருக்கும் பிரதியிலும் ஒரே வாசகம்தானா என்று சரிபாருங்கள். ‘அறிமுகம்’ என்பதற்குத் தனியாக விளக்கம் கொடுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதற்கு மேல் உண்மை என்ன என்பதை நீங்களே ஒளிக்காமல் விசாரிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு இந்த வீடு எப்படித் தெரியவந்தது? புரோக்கர் போட்ட இணைய விளம்பரத்தைப் பார்த்து வந்தாரா, புரோக்கரே கூப்பிட்டுச் சொன்னாரா, அல்லது ‘மார்ச்சில் நான் பார்த்த வீடு, இப்போது விலை இறங்கியிருக்கிறது, போய்ப் பாருங்கள்’ என்று மச்சான் சொல்லி வந்தாரா? முதல் இரண்டில் ஒன்றென்றால் பழைய ஏஜென்ட்டின் தொடர்பு அறுந்துவிட்டது. மூன்றாவது என்றால் இழை அறுபடவில்லை. நடுவில் இன்னொரு புரோக்கர் வந்ததால் மட்டும் அது அறுந்ததாக ஆகாது. மச்சான் கூட்டு வாங்குபவராகப் பத்திரத்தில் வருகிறாரா, அட்வான்ஸ் அவர் கணக்கிலிருந்து வந்ததா என்பதும் கேட்கப்படும். அட்வான்ஸ் அவர் கணக்கிலிருந்து வந்திருந்தால் வழக்காடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பேசி முடிப்பதே நல்லது.

இப்படிப்பட்ட ஷரத்தே இல்லாமல், வாய்ப்பேச்சில் ஏஜென்ட் வைத்தவர்களுக்கும் இதே கேள்விதான் வரும். அங்கே நீதிமன்றம் பார்ப்பது, விற்பனை நடக்க உண்மையில் யார் முயற்சி காரணம் என்பதை. வீட்டைக் காட்டியது மட்டும் போதாது. முதல் ஏஜென்ட் ஆளைக் கொண்டுவந்து விலைவரை பேசி, அது முறிந்து, மாதங்கள் கழித்துப் புது விலையில் வேறொருவர் மறுபடி உட்காரவைத்துப் பேசி முடித்திருந்தால் இரண்டாமவர் கை ஓங்கும். முறிவே நடக்காமல், ஏஜென்ட்டை மட்டும் கழற்றிவிட்டு அதே பேச்சு தொடர்ந்திருந்தால் முதலாமவர் கை ஓங்கும். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காரணமில்லாமல் ரத்து செய்தவர்களுக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 205-வது பிரிவில் இழப்பீட்டுப் பொறுப்பு தனியாக இருக்கிறது. உங்களுடையது தானாகக் காலாவதியானதால் அது உங்களுக்கு இல்லை.

அவர்களிடம் ஆதாரமாக என்ன இருக்கும்? மார்ச் 16-ல் மச்சான் கையெழுத்திட்ட பார்வைப் படிவம், வாட்ஸ்அப்பில் இடம் அனுப்பியது, அன்று உங்களுக்கு வந்த ‘இன்று ஒரு பார்ட்டி வருகிறார்’ என்ற செய்தி. படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தேதி, முழுப் பெயர், கையெழுத்து, எந்தச் சொத்து என்ற குறிப்பு நான்கும் அதில் இருக்க வேண்டும். வெறும் பெயர் மட்டும் எழுதிய பக்கத்தைப் பிற்பாடு யாரும் நிரப்பிவிடலாம். வாட்ஸ்அப் செய்தியை நீதிமன்றத்தில் கொடுக்க 2023-ம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. இது உங்களுக்கும் பொருந்தும். அந்த உரையாடல்களை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். ஏப்ரலுக்குப் பிறகு அந்த நிறுவனம் உங்களை ஒருமுறைகூடத் தொடர்புகொள்ளவில்லை என்றால் அந்த மௌனமே உங்களுக்கு ஆதாரம்.

அடுத்து, வழக்குப் போட அவர்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் கொடுத்திருப்பது கூட்டு நிறுவனம் என்றால், 1932-ம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 69-வது பிரிவுப்படி பதிவு செய்யப்படாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மேல் வழக்குத் தொடர முடியாது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் பல நோட்டீஸ்கள் ஓய்ந்துவிடும். ரெரா பதிவு இல்லை என்ற காரணத்தை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். 2016-ம் ஆண்டு ரெரா சட்டத்தின் 9-வது பிரிவு, பதிவு பெற்ற திட்டத்தில் புரமோட்டர் விற்கும் மனை, அடுக்ககங்களுக்கு இடைநிற்கும் ஏஜென்ட்டுகளைப் பற்றியது. நீங்கள் குடியிருந்த தனி வீட்டின் மறுவிற்பனைக்கு அது வராது. ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்தால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் போகும். ஆனால் நடுவரை ஏஜென்ட் தரப்பே தன்னிச்சையாக நியமிக்கலாம் என்று எழுதியிருந்தால், அந்த ஏற்பாடு செல்லாது என்பது 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நிலை. முத்திரைத்தாள் இல்லாமல் வெள்ளைத்தாளில் போட்ட ஒப்பந்தத்தை, தீர்வையும் அபராதமும் கட்டாமல் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். அது கட்டிச் சரிசெய்யக்கூடிய குறை, அதனால் வழக்கு விழாது.

இப்போது பதில் நோட்டீஸ். 15 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு. தாண்டினால் உரிமை போய்விடாது. ஆனாலும் பதில் கொடுக்காமல் விட்டால், மறுக்காததால் ஒப்புக்கொண்டார்கள் என்று வாதிடுவார்கள். வக்கீல் மூலம், ஒப்புகையோடு கூடிய தபாலில் அனுப்புங்கள். போனில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். ‘உங்கள் ஆள் காட்டினதுதான், ஆனா விலை குறைஞ்சுபோச்சே’ என்று இரக்கத்தில் சொல்கிற ஒரு வரி பதிவாகி, அதுவே அவர்கள் முதல் ஆவணமாக வரும். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலும், கொஞ்சம் பணம் கட்டி அதற்கு எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்தாலும், 3 ஆண்டுக் காலவரம்பு அன்றிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும். பதிலில் இருக்க வேண்டியவை சில: ஒப்பந்தம் ஏப்ரல் 5-ல் காலாவதி, வாங்குபவரை நீங்கள் அறிமுகம் செய்யவில்லை, கெடுவுக்குள் விற்பனை நடக்கவில்லை, பார்வைப் படிவத்தையும் நிறுவனப் பதிவுச் சான்றையும் அனுப்புங்கள், எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றி இதை எழுதுகிறோம். இவ்வளவுதான். கோபத்தைப் பதிலில் கொட்ட வேண்டாம்.

கோரும் தொகையிலும் கை வைக்கலாம். 92 லட்சத்துக்கு 2 சதவீதம் 1,84,000 ரூபாய். மீதி 33,120 என்பது 18 சதவீத ஜிஎஸ்டி. அவர்களுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் அதை வசூலிக்க முடியும். நோட்டீஸில் எண் இல்லையென்றால் கேளுங்கள், கொடுத்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் சரிபாருங்கள். ஒப்பந்தத்தில் ‘வரி தனி’ என்று எழுதாமல் வெறும் 2 சதவீதம் என்று இருந்தால், வரி அதற்குள் அடக்கம் என்று வாதிடவும் இடம் உண்டு. 24 சதவீத வட்டிக்கும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் வட்டி விகிதம் எழுதாதபோது அது அவர்களாகப் போட்ட கணக்குதான். நீதிமன்றம் தானாகப் போடும் வட்டி பெரும்பாலும் அதில் பாதிகூட வராது.

போலீஸில் புகார் கொடுத்து ஸ்டேஷனுக்கு வரச்சொன்னால், போய், இது ஒப்பந்தத் தகராறு, உரிமையியல் நீதிமன்ற விஷயம், வக்கீல் மூலம் பதில் கொடுத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பதில் நோட்டீஸின் நகலையும் இணையுங்கள். அங்கே உட்காரவைத்துத் தொகை பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் கணிப்பைக் கேட்டால்: மச்சான் வெறும் உறவினர், பத்திரத்திலும் பணத்திலும் இல்லை, ஷரத்திலும் குடும்பத்தார் என்ற சொல் இல்லை என்றால் உங்கள் வழக்கு நல்ல வழக்கு. அசைக்க முடியாத வழக்கு இல்லை. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம்தான் என்பதால் சுமார் 6,500 ரூபாய்க் கட்டணத்தில் அவர்கள் வழக்குப் போட்டுவிட முடியும். நீங்கள் வருடக்கணக்கில் வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பதில் நோட்டீஸ் போன பிறகு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுங்கள். கட்டணம் இல்லை. அங்கே 46,000-ல், அதாவது அரை சதவீதத்தில் பேச்சைத் தொடங்கி, 92,000-த்தைத் தாண்டாமல் முடித்தால் நல்ல முடிவு. மச்சானும் வாங்குபவர் என்று தெரியவந்தால் இந்தக் கணக்கு வேண்டாம். ஜிஎஸ்டியையும் வட்டியையும் தள்ளச்சொல்லி 1,84,000-க்கு அருகில் முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பது காசோலை அல்லது வங்கி மாற்றத்தில், அதுவும் ரசீதில் கையெழுத்தான அதே நிமிடத்தில். ‘சேலையூர் சொத்து தொடர்பாக, 5.1.2025 ஒப்பந்தத்தின் கீழும் வேறு எவ்வகையிலும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை. முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தது. நோட்டீஸ் திரும்பப் பெறப்படுகிறது’ என்று நிறுவனத்தின் முத்திரையோடு வேண்டும். சாவி, மூலப் பத்திர நகல்கள் அவர்களிடம் இருந்தால் அன்றே வாங்குங்கள். கமிஷன் பாக்கி இருந்தால், தன்னிடம் கொடுத்த ஆவணங்களை ஏஜென்ட் பிடித்துவைக்க ஒப்பந்தச் சட்டத்தின் 221-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அசல் பத்திரம் அவர்கள் கையில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நவம்பர் 17-க்கு முன் பேசி முடிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது புரோக்கரின் 92,000 ரூபாய் தனிக் கணக்கு. அவர் ஆளைக் கொண்டுவந்தார், பேசி முடித்தார். பழைய ஏஜென்ட்டின் பஞ்சாயத்தைக் காரணம் காட்டி அவருடையதை நிறுத்த முடியாது. ஆனால் வாங்குபவரின் மச்சான் முன்பே அந்த நிறுவனத்தோடு வந்து பார்த்தது அவருக்குத் தெரிந்திருந்து உங்களிடம் சொல்லவில்லை என்றால் நிலைமை வேறு. வேண்டுமென்றே மறைத்த ஏஜென்ட்டுக்கு, அந்தத் தவறு நடந்த பகுதிக்குக் கூலி இல்லை என்று அதே சட்டத்தின் 220-வது பிரிவு சொல்கிறது. அதைச் சொல்லி, பழைய நிறுவனத்துக்குப் போகும் தொகையில் ஒரு பங்கை அவரிடமிருந்து குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். புரோக்கர்கள் தங்களுக்குள் பங்கு பிரிப்பது புதிதில்லை. மூவரும் ஒன்றாக உட்கார்ந்தால் பெரும்பாலும் அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு வந்துவிடும்.

இரண்டு பேருக்கும் கொடுக்கும் தரகுக்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைக்காக மட்டுமே செய்த செலவு என்று காட்டினால், மூலதன ஆதாய வரிக் கணக்கில் விற்பனைத் தொகையிலிருந்து அதைக் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் போனால் ஆடிட்டர் அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்க மாட்டார்.